பாயுர் தாத்

நாலு வயதுப் பெண் வீட்டுச் செருப்புகளையெல்லாம் அளவு வாரியாக அடுக்கி வைத்தால் அது ஒழுங்கா, வியாதியா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் மகள் தினமும் இதைச் செய்தாள். யாராவது கலைத்தால் சாப்பிட மாட்டாள். என் கணவரின் பெரியப்பாவும் இப்படி எதையாவது அடுக்கிக்கொண்டே இருந்து, கடைசியில் மனநல மருத்துவமனைக்குப் போனவர். கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்கு அது தெரியும். போதாததற்கு, நடைபாதைக் கடையில் ஒரு பழைய ஆங்கில மருத்துவப் புத்தகத்தை வாங்கிவிட்டேன். சித்தக் கோளாறு ரத்தத்தில் ஓடும், ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்கும், குதித்த இடத்தில் இன்னும் முற்றும் என்றது அது. ஒல்லியான, கறுத்த முடிக்காரர்களுக்குச் சோக சுபாவமாம். மகள் ஒல்லி, முடி கறுப்பு. எங்கள் இரண்டு குடும்பத்திலும் வேறு நிறத்தில் முடி யாருக்கு இருக்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

"உங்க பெரியப்பா ரத்தம்தான்" என்றேன் கணவரிடம்.

"அவர் அடுக்கினது தீப்பெட்டி" என்றார்.

நான் விடவில்லை. இதையே ஊரிலிருக்கும் மாமியாருக்கும் கடிதமாக எழுதினேன்.

மேல்வீட்டு வங்காளி மாஷிமா, அதாவது இந்த ஊர்ப் பெரியம்மா, ஒருநாள் செருப்பு வரிசையைப் பார்த்துவிட்டு, "பௌமா, இவளுக்கு பாயுர் தாத்" என்றார். பௌமா என்றால் மருமகள், என்னைத்தான். பாயு நம் வாயு. தாத் என்றால் உடல்வாகு. எனக்குப் போன உயிர் வந்தது. வெறும் வாயுத் தொல்லை. பத்து நாள், காலையும் மாலையும் ஓமத் தண்ணீர் கொடுத்தேன். குழந்தை மிக்சர் பொட்டலம் போல மணத்தாள். செருப்புகள் நேராகவே நின்றன.

மாஷிமாவிடம் முறையிட்டேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"ஓமமா கொடுத்தே? இது வயித்து வாயு இல்லை, பௌமா. காத்து தலைக்கு ஏறினா மனசு ஓயாம பதறும்னு அந்தக் காலத்துக் கவிராஜ் வைத்தியர்கள் சொல்வாங்க."

"அப்போ இவ அப்பா வழியில வந்ததுதானே?"

"அவங்களை நான் பார்த்ததில்லை. வீட்டைப் பூட்டிட்டு இறங்கினப்புறம், பூட்டை இழுத்துப் பார்க்க தினமும் மூணு தடவை மறுபடி படியேறி வர்றவளைத்தான் பார்க்கிறேன்."

அது நான்தான்.

குழந்தை மருத்துவர், பல குழந்தைகள் இந்த வயதில் இப்படித்தான், பொறுத்துப் பாருங்கள் என்கிறார். பொறுப்பது என் தாத் இல்லை. இதற்குள் மாமியாரின் பதில் வந்துவிட்டது: "எங்க குடும்பத்தால உனக்கு இப்படி ஒரு கஷ்டம். மன்னிச்சுக்கோம்மா."

அவருக்கு நான் என்ன எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாலு வரி போதும்.