ஆறரை நம்பர் கைக்கு ஒரு கத்தி

பையிலிருந்து பஞ்சை எடுத்து, ஒரு சிட்டிகை கிள்ளி, கத்தியின் கூர்மேல் லேசாக இழுக்கிறார் சிஸ்டர். பஞ்சு சிக்குகிறது. "பிசிறு இருக்கு. அடுத்தத எடுங்க." கடைக்காரர் ஆறாவது கத்தியை எடுத்து வைக்கிறார். முகம் கடுகடுவென்றிருக்கிறது.

முப்பத்தோரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். ஓய்வுபெற்ற பிறகும் தெருவுக்கே அவர் சிஸ்டர்தான். யார் கையைப் பார்த்தாலும் கிளவுஸ் நம்பர் சொல்லிவிடுவார். எனக்கு எட்டாம். "கை பெருசா இருக்கு, வேலதான் ஒண்ணும் காணோம்" என்றார். நான் எழுதுவதை அவர் ஒரு வேலையாக ஒப்புக்கொண்டதே இல்லை.

கத்தி, மருமகளுக்கு. பதறாதீர்கள், அன்பளிப்புதான். அவள் மாதக்கணக்கில் காட்டில் கூடாரம் போட்டு மரங்களைக் கணக்கெடுப்பவள். கணவன் ஆசையாக வாங்கித்தந்த மடக்குக்கத்தி, கயிறு அறுக்கும்போது தானாக மடங்கி அவள் விரலைப் பதம் பார்த்துவிட்டது. நாலு தையல். தையலைப் பிரித்தபோதே சிஸ்டர் முடிவு செய்துவிட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். மாமியார் இதுவரை கொடுத்த கைக்கடிகாரம், கைப்பை, கம்பளிச் சட்டை எல்லாமே "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்ற ஒரே வரியோடு பீரோவுக்குள் போய்விட்டன. "இதுவும் உள்ள போச்சுன்னா, மூணு வருஷமா ஒரே வீட்ல இருந்தும் எனக்கு அந்தப் பொண்ணத் தெரியலன்னு அர்த்தம்" என்று கடைக்கு வரும் வழியில் பஸ்ஸில் என்னிடம் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது.

கடையில் அந்தப் பாவமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"இது புது மாடல் மேடம். திசைகாட்டி, விசில் எல்லாம் இருக்கு."

"விசில் ஊதவா கத்தி வாங்குறேன்? மடக்குற சமாச்சாரமே வேணாம். இரும்பு, கைப்பிடியோட கடைசி வரைக்கும் ஓடணும். அவ ஈரத்துலயே கெடக்குறவ, துருவும் பிடிக்கக் கூடாது."

ஒன்பதாவது கத்தியில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. அதோடு விட்டாரா? பில் போடும் பெண்ணின் கையைப் பார்த்ததும் கண்கள் விரிந்தன. "ஆறரை! என் மருமக கை. இங்க வாம்மா!" சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அந்தக் கையை அதில் முக்கி, உறையோடு கத்தியைக் கொடுத்து, "விட்டுடாத" என்று மறுமுனையைப் பிடித்துத் திருகினார். கைப்பிடி வழுக்கவில்லை. கடைக்காரர் கும்பிடே போட்டுவிட்டார். "இருபது வருஷமா விக்கிறேன். வாங்கத் தெரிஞ்ச ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மருமகள் காட்டுக்குக் கிளம்பும் காலையில் நானும் போயிருந்தேன். சிஸ்டர் கொடுத்த கத்தியை உருவினாள். பிடித்தாள். புரட்டிப் பார்த்தாள். மறுபடி பிடித்தாள். அந்த ஒரே வரி வரப்போகிறது என்று சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரவில்லை. மருமகள் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, உறையை அதில் கோத்து, இறுக்கி மாட்டிக்கொண்டாள்.

"என் கைய அளவெடுத்துச் செஞ்சாப்ல இருக்கே! எப்படி அத்தை?"

சிஸ்டர் மடக்குக்கத்தி வாங்கித்தந்த மகன் பக்கம் திரும்பினார். இல்லாத காலரை இரண்டு கைகளாலும் தூக்கிவிட்டுக்கொண்டார்.