சாத்தினால் உயிர் போகும் கண்ணாடி

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையோரம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தேன். லாரிகளும் டிராக்டர்களும் மில் வேன்களும்தான் வரும். பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடி என்றால் கையால் திருப்புவது என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சென்னையில் பழையதாக வாங்கிய வெளிநாட்டுக் காரை ஒரு நாள் காலையில் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்டியரிங் பக்கம் ஒரு சிறிய பொத்தானை அழுத்திக் காட்டினார். வண்டு முனகுவது போல ஒரு சத்தம். வலப்பக்கக் கண்ணாடிக்குள் இருந்த வேப்பமரம் மெல்ல நழுவி வெளியே போக, வெறும் வானம் வந்து நின்றது. நான் கையிலிருந்த வேலையை மறந்துவிட்டேன். இன்னொரு முறை அழுத்தச் சொன்னேன்.

இடப்பக்கத்துக் கண்ணாடிதான் பிரச்சினை. சில நாள் வேலை செய்யும், பல நாள் செய்யாது என்றார். வடக்கே எங்கோ ஜீப் கவிழ்ந்து கழுத்தெலும்பில் அடிபட்டவர் அவர். இடப்பக்கம் தலை திரும்பாது. அந்தக் கண்ணாடி இல்லாமல் ஓட்டி, கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு சைக்கிள்காரரை இடிக்கப் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப் போனது.

இடக்கதவைத் திறந்து, உள்பக்கத்து அட்டையைக் கழற்றினேன். கண்ணாடிக்குப் போகும் வயரில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தேன், சுற்றியது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பூட்டிக் கொடுத்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். இம்முறை ஸ்விட்சைப் பிரித்துப் பெட்ரோலால் துடைத்தேன். கடையில் கண்ணாடி ஒழுங்காக ஆடியது. தெருமுனை திரும்புவதற்குள் நின்றுவிட்டதாம்.

அந்த நாட்களில் எனக்குக் கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடிதான். சாப்பிடும்போதுகூட தட்டில் வானம் நகர்வது போல இருக்கும். என் கடையில் மட்டும் பிழைத்துக்கொண்டு, சாலையில் ஏன் செத்துப்போகிறது?

மூன்றாவது முறை அவர் மனைவியும் கூட வந்தார். நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்க முடியவில்லை என்று அந்த அம்மா இடப்பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, வெயிலுக்காகக் கதவைச் சாத்தினார். உள்ளே சுபேதார் பொத்தானை அழுத்தியபடியே இருந்தார். முனகல் நின்றது. அந்த அம்மா கதவைத் திறந்தார், முனகல் வந்தது. மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தார்.

"தம்பி, கதவு தொறந்திருந்தாத்தான் இது வேல செய்யுது. சாத்துனா உசுரு போயிருது" என்றார், சாதாரணமாக.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சோதித்தபோதெல்லாம் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். கதவுக்கும் வண்டிக்கும் இடையில், கீல் பக்கம் ஒரு ரப்பர் குழாய் உண்டு. வயர்கள் அதற்குள்தான் போகும். அதை இழுத்து விலக்கினேன். ஒரு வயரின் மேல்தோல் முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்து பச்சை பிடித்திருந்தது. கதவு திறந்தால் இரண்டு நுனியும் தொட்டுக்கொள்ளும், சாத்தினால் விலகும். அழுகின பகுதியை வெட்டி எறிந்து, தாராளமாகப் புது வயர் வைத்து, ஈயம் பற்றவைத்து டேப் சுற்றினேன். கதவை இருபது முறை சாத்தித் திறந்தோம். கண்ணாடி ஆடிக்கொண்டே இருந்தது.

நம்பிக்கை வரவில்லை சுபேதாருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, அங்கும் திருவண்ணாமலை என்றே பெயருள்ள சிறு மலையில் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் போவதாகவும், நானும் உடன் வர வேண்டும் என்றும் சொன்னார். கடையைச் சாத்திவிட்டுப் பின் சீட்டில் ஏறினேன். மேற்கே மலைத்தொடர் நீலமாக வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் அது பின்னோக்கி ஓடியது. எங்களோடு வருகிறதா, எங்களை விட்டுப் போகிறதா என்று தெரியவில்லை. பின்னால் ஒரு பஸ் நெருங்கியபோது அந்த அம்மா சொல்ல வாயெடுத்தார். "தெரியுது" என்றார் சுபேதார், கண்ணாடியைப் பார்த்து. அந்த அம்மா சிரித்துக்கொண்டே சாய்ந்து உட்கார்ந்தார்.

மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் படியேறினார்கள். நான் காவலுக்கு இருந்தேன். முன்சீட்டுக்கு மாறி, சாவியைப் பாதி திருப்பிப் பொத்தானை அழுத்தினேன். பனைமரம் போயிற்று, பாறை வந்தது, மேகம் வந்தது. என் விரல் நுனியில் ஒரு மலை மேலும் கீழும் போய்வந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இருவரும் எதிரே மரத்தடியில் இருந்தார்கள். நெற்றியில் வைத்த குங்குமம் காய்ந்திருந்தது. வந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

எழுப்பியிருக்கலாமே என்று பதறினேன்.

"செத்த நேரம் தூங்கட்டும்னு அவியதான் சொன்னாவ" என்றார் அந்த அம்மா, கணவரைக் காட்டி. பிறகு இலையைப் பிரித்து, எனக்கென்று எடுத்து வைத்திருந்த புளியோதரையை நீட்டினார்.