அப்பாவின் டெக்ஸ்டைல் கொம்பனி

பத்து வயதில் நான் ஆகக் கூடுதலாக வெறுத்த பொருள் எங்கள் அப்பாவின் கார். அது பழைய கார்தான், ஆனால் ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை என்னவென்றால், அதற்குள் செம்மறி ஆடு மணத்தது. காலையில் பள்ளிக்கூட வாசலில் கதவைத் திறந்தால் அந்த மணமும் என்னோடு சேர்ந்து இறங்கி வகுப்புக்குள் வரும். அதனால் ஒரு தெரு தள்ளி இறக்கிவிடச் சொல்வேன். நடப்பது உடம்புக்கு நல்லது என்று ரீச்சர் சொன்னதாக ஒரு கதையும் சோடித்து வைத்திருந்தேன். அப்பா அதை நம்பினார். நல்ல ரீச்சர் என்று மெச்சவும் செய்தார்.

ரொறன்ரோவில் நாங்கள் இருந்த ஸ்காபரோவிலிருந்து கிழக்கே போனால் வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும். வயல்களும் பார்த்து அலுத்துப்போகும் தூரத்தில் ஒரு கிராமம். அங்கே ஊர்ச் சனங்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் நடத்தினார்கள். சிலர் செம்மறி வளர்த்தார்கள், சிலர் அதன் கம்பளியை நூலாக நூற்றார்கள், சிலர் இலையையும் பட்டையையும் அவித்து நூலுக்குச் சாயம் ஏற்றினார்கள், மற்றவர்கள் தறியில் நெய்தார்கள். எல்லாமே கைவேலை. வேலை பார்த்த தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள் என்று அப்பா வீட்டில் குந்தியிருந்த காலத்தில் யாரோ சொல்லி அங்கே போனார். முதலில் மூட்டை தூக்கினார். பிறகு, வெட்டி எடுத்த கம்பளியில் ஒட்டியிருக்கும் முள்ளையும் ஆட்டுப் புழுக்கையையும் பொறுக்கினார். பிறகு நூற்கப் பழகி, கடைசியில் தறிக்கும் வந்துவிட்டார்.

இங்கே வருவதற்கு முன், ஊரில் அவர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்தவர். அம்மா கலியாணம் கட்டியது அந்த மனேச்சரைத்தான். அங்கேயும் சங்கம், இங்கேயும் சங்கம் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டாள். இந்தச் சங்கத்தில் முதலாளி என்று ஒருவரும் இல்லை, மூட்டை தூக்குகிறவருக்கும் ஒரு வாக்கு, தலைவிக்கும் ஒரு வாக்குத்தான் என்று அவர் சோற்றைப் பிசைந்தபடி பெருமையாகச் சொல்லுவார். முதலாளி இல்லாத இடத்தில் வேலை செய்கிறவரை யார் மதிப்பார்கள் என்பது அம்மாவின் கவலை. நான் அம்மாவின் பக்கம்.

அந்த வருடம் அப்பாவுக்கு வெங்காயத் தோல் பைத்தியம் பிடித்தது. வெங்காயத் தோலை அவித்தால் கம்பளி நூலுக்கு நல்ல செம்மஞ்சள் ஏறுமாம். டோர்செட் பார்க் பகுதியில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்ட் குசினியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஓர் அரிசிப் பை வைத்து, அம்மா உரிக்கிற தோலையெல்லாம் அதற்குள் சேர்த்தார். கதவைத் திறந்தால் சருகு மாதிரிப் பறக்கும். அதுவும் காணாதென்று ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பிளாசாவில் இருந்த எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடைக்குப் போய், வெங்காயத் தோல் இருந்தால் தரமுடியுமா என்று கேட்டார். கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். ஒரு பை நிறையத் தோலும் இன்னொரு பை நிறைய நல்ல வெங்காயமும் கொண்டுவந்து கையில் தந்தார்.

"கஷ்டம் ஆருக்கும் வரும் அண்ணை. வெக்கப்படாமல் வாங்கோ" என்றார்.

நிலம் பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. சாயத்துக்குத்தான் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, பெரிய உபகாரம் தம்பி என்றுவிட்டு வந்தார். ஏன் சொல்லவில்லை என்று காரில் வைத்துக் கேட்டேன். ஆசையோடு தருகிற மனிதனின் முகத்தை ஏன் முறிக்கவேண்டும் என்றார். எனக்கு அந்த விளக்கம் துளியும் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தாள். ஒரு பிறந்தநாள் விழாவில், மண்டபம் நிறையச் சனம் இருக்க, யாரோ ஒரு அன்ரி அப்பாவுக்கு எங்கே வேலை என்று கேட்டார். அம்மா கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு, டெக்ஸ்டைல் கொம்பனியில் என்றாள். கொஞ்சம் யோசித்து, சுப்பவைசர் மாதிரி என்றும் சேர்த்தாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இவ்வளவு நல்ல சொல் இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று எனக்கு ஆச்சரியம். அடுத்த நாளே அதைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோனேன்.

அந்தச் சொல் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற ரூஜ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் மாமி இருந்தாள், அப்பாவின் அக்கா. புது வீடு, பெரிய வீடு, வாசலில் இரண்டு சிங்கம். அவளுடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு செய்ய நாள் வைத்திருந்தார்கள். சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் சீலை உடுத்து வரிசையில் நிற்கவேண்டும் என்பது மாமியின் ஆசை. தம்பி டெக்ஸ்டைல் கொம்பனியில் இருக்க வேறு கடைக்கு ஏன் போகவேண்டும்? அம்மா தட்டிக்கழித்துப் பார்த்தாள். அது மொத்த வியாபாரம் மச்சாள் என்றாள். தனக்கும் மொத்தமாகத்தானே வேண்டும் என்றாள் மாமி. ஒருதரம் அவள் அப்பாவிடமே தொலைபேசியில் கேட்டபோது, துணி செய்கிற இடம்தான் அக்கா என்று அவர் உள்ளதைச் சொன்னார். மாமிக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

இலையுதிர்காலத்தில் சங்கத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் கதவு திறந்துவிடுவார்கள். உறுப்பினர்கள் செய்த பொருட்களை மேசையில் பரப்பி, குடும்பங்களைக் கூப்பிட்டு விருந்தும் வைப்பார்கள். அந்தக் கிழமை முழுக்க அப்பா எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். சனிக்கிழமை வந்தால் ஒரு சாமான் காட்டுவேன் என்றார். என்ன சாமான் என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தலையிடி வந்தது. எனக்குப் பள்ளிக்கூட வேலை வந்தது. பறவாயில்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லி, மினுக்கிய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அவர் தனியே போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மாமியின் வான் வண்டி கீழே வந்து நின்றது. போன முறை வந்தபோது எங்கள் வீட்டில் கிடந்த ஒரு துணிப்பையில் சங்கத்தின் பெயரைப் பார்த்து வைத்திருக்கிறாள். இணையத்தில் தேடினால் இன்றைக்கு எல்லோரும் வரலாம் என்று போட்டிருக்கிறதாம். தம்பிக்கு ஒரு சர்ப்ரைஸ் குடுப்போம் என்று பட்டுச் சீலையும் குதி உயர்ந்த செருப்புமாக வந்து நின்றாள். கூட வந்த மகளின் கையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துணித்துண்டு, அதே நிறத்தில் சீலை எடுப்பதற்கு. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவின் தொலைபேசிக்கு அடித்தாள், அவர் எடுக்கவில்லை. நாங்கள் வராவிட்டாலும் மாமி போகத்தான் போகிறாள், அது இதைவிடக் கேவலம். அம்மா சீலை மாற்றிக்கொண்டு வானில் ஏறினாள்.

வழி முழுக்க மாமிதான் கதைத்தாள். அம்மா முன்சீற்றில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மண் ரோட்டில் ஏறி, பெரிய மரக் கொட்டகை ஒன்றின் முன் வந்துவிட்டோம் என்று ஜிபிஎஸ் சொன்னது. வேலிக்கு உள்ளே செம்மறிகள் நின்று எங்களைப் பார்த்தன. உந்த மெசின் பிழையான இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது என்றாள் மாமி. பெயர்ப்பலகை சரியாக இருந்தது.

அப்போது அப்பா கொட்டகைக்குள்ளிருந்து வந்தார். காலில் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் ஏப்ரன், தலைமயிரில் வைக்கோல். எங்களைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. தலையிடியையும் பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு தன்னைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அரை ஓட்டமாக வந்து என் கையைப் பிடித்து, மரத்தடி மேசைப் பக்கம் இழுத்தார். வா, வா, ஒரு சாமான் காட்டுறன் என்றார்.

மேசையில் நிறையப் போர்வைகள் மடித்துக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் நெய்தவரின் பெயர் எழுதிய சிறிய அட்டை. ஓரத்தில் சாம்பல் வெள்ளையாக ஒன்று, அதன் நடுவே செம்மஞ்சள் கோடுகள். பெயரைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. எங்கள் குசினிக்குள் மாதக்கணக்காகப் பறந்த நிறம் அது. அட்டையில் அப்பாவின் முழுப்பெயர், அவருடைய அப்பாவின் பெயரோடு, பெரிய எழுத்தில் இருந்தது.

பின்னால் மாமியின் குரல் கேட்டது. "தம்பி, ஷோரூம் உள்ளுக்கோ? சீலையெல்லாம் எங்கை வைச்சிருக்கிறியள்?"

அப்பா திரும்பி மாமியின் பட்டுச் சீலையைப் பார்த்தார், மகளின் கையிலிருந்த துணித்துண்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் என் கையை மெல்ல விட்டார்.

சீலையெல்லாம் ரொறன்ரோ ஒபிசில் அக்கா என்று சொல்லத் தொடங்கினார். இது கம்பளி எடுக்கிற இடம், சும்மா பார்க்க வந்தேன், ஆள் குறைவென்று கைகொடுத்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், ஆனால் தடுமாறவில்லை. சொல்லிக்கொண்டே, மேசையைச் சரிசெய்கிற மாதிரி விரலால் அந்த அட்டையைக் குப்புறத் திருப்பி வைத்தார். நான் மட்டும் பார்த்தேன். சங்கத்து வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் பெரிய சிரிப்போடு எங்களை நோக்கி வந்தார். அப்பா முன்னே போய் அவரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மாமி அந்தப் போர்வையைத்தான் கையில் எடுத்தாள். நல்ல பாரம் என்றாள். விரித்து ஓரத்தைப் பார்த்தாள்.

"கோணலாக் கிடக்கு. உது ஆர் நெய்தது?"

"இஞ்சை வேலை செய்யிற ஒராள் அக்கா. இப்பத்தான் பழகுறார்."

மாமி அதைத் திரும்ப மடிக்காமலே வைத்தாள். அப்பா எடுத்து மடித்து வைத்தார்.

திரும்பி வரும்போது அம்மா கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள். பிடிபட்டுவிடுவோமோ என்ற பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். அதுதான் தப்பிவிட்டோமே, பிறகேன் அழுகிறாள் என்று எரிச்சலாகவும் இருந்தது. பின்னேரம் அப்பா வந்தபோது அம்மா தேத்தண்ணி கொடுத்தாள், ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வை விற்றுப்போய்விட்டது என்று அவர் எனக்கு மட்டும் சொன்னார். யார் வாங்கியது என்று நான் கேட்கவில்லை. அது இன்றைக்கு யார் வீட்டில் கிடக்கிறதோ தெரியாது. நினைத்தால் வெட்கத்தில் எனக்கு முகம் சுடுகிறது.

ஆனால் அன்றைக்குச் சுடவில்லை. அன்றைக்கு எனக்கு வந்தது பெரிய நிம்மதி. அட்டையை அவர் அம்மாவுக்காகத் திருப்பினார் என்று பத்து வயது மூளைக்கு எப்படித் தெரியும்? திங்கட்கிழமை காலை, வழக்கமாக இறக்கிவிடுகிற இடம் வருவதற்கு முன்னாலேயே, நான் கேளாமலே, அப்பா காரை ஓரம் கட்டினார்.

"இதிலையிருந்து நடந்து போ பிள்ளை. உடம்புக்கு நல்லது" என்றார்.

அப்பாவும் ஒருவழியாக எங்களைப் போல வெட்கப்படப் பழகிவிட்டார் என்று நினைத்தேன். அவர் மேல் எனக்கு அன்றுதான் முதன்முதலாகப் பெருமை வந்தது. கதவை அடித்துச் சாத்திவிட்டு, திரும்பிக் கையும் காட்டிவிட்டு, சந்தோஷமாக நடந்து போனேன்.