சித்ரகலா விட்டுவிட்ட இரண்டு வாக்கியங்கள்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் சித்ரகலாவுக்கு மொழிபெயர்ப்பில் இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று சர்ச். வெளியூர்ப் போதகர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது பக்கத்தில் நின்று தமிழில் சொல்வாள். போதகர் இருமினால் அதை மட்டும்தான் விட வேண்டும், மற்ற எல்லாம் சபைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அங்கே விதி. மற்றொன்று ஆடிட். துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பும் ஆட்கள் வந்து தொழிலாளர்களிடம் கேள்வி கேட்கும்போதும் அவள்தான் நிற்பாள். அங்கே எதை விட வேண்டும் என்பதே முதல் பாடம்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் பதினொரு வருடம் ஓடியது. அவள் அதைப் பற்றி யோசித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு சேலை, திங்கட்கிழமை வேறு சேலை என்பது போலத்தான்.

அவளுடைய அப்பா கன்னையன் அவிநாசிபாளையம் பக்கம் தோட்ட வேலை பார்த்தவர். சபையின் உதவியால் மிஷன் பள்ளி விடுதியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தாள். அந்த ஆங்கிலம்தான் தையல் மெஷினிலிருந்து அவளை சூப்பர்வைசர் மேஜைக்குக் கொண்டுவந்தது. அந்த மேஜையின் ஓரத்தில் ஓர் ஆணி, ஆணியில் டோக்கன் என்று சொல்லும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை. அவள் லைனில் முப்பத்திரண்டு பெண்கள். யாருக்குப் பாத்ரூம் போக வேண்டுமானாலும் அவளிடம் கேட்டு அந்த அட்டையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்தவள் எழ முடியும். ஆடிட் நாளில் மட்டும் அட்டை மேஜை டிராயருக்குள் போய்விடும்.

போன ஆண்டு கொரியாவிலிருந்து எட்டு நர்சிங் மாணவிகள் இரண்டு வாரத்துக்கு அவளுடைய சர்ச்சுக்கு வந்தார்கள். ஊழியமும் சுகாதாரக் கல்வியும் சேர்ந்த பயணம். கம்பெனிப் பெண்களுக்கும் ஒரு வகுப்பு எடுக்கலாமா என்று சித்ரகலா முதலாளி சுப்பண்ணனிடம் போய்க் கேட்டாள்.

“சோப்பு, தண்ணி, சத்து மாத்திரை, எதப் பத்தி வேணாலும் பேசட்டும் சித்ரா. சாமி பேச்சு மட்டும் நம்ம கேன்டீன்ல வேண்டாம். அது ஞாயித்துக்கெழம உங்க சர்ச்சுல வெச்சு ஆசதீரப் பேசிக்குங்க.”

“சரீங்க,” என்று வாக்குக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் லைன் முழுவதும் கேன்டீனில் உட்கார்ந்தது. சுப்பண்ணனின் மருமகள் இந்துமதி, கம்பெனி நிர்வாகம் பார்ப்பவர், முன்வரிசை ஓரத்தில் போனுடன் உட்கார்ந்தார். மாணவிகளின் சார்பில் பேச வந்தவள் சூஜின், இருபத்திரண்டு வயது. அவள் தனக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில் நிதானமாகப் பேச, சித்ரகலா தமிழில் சொன்னாள். பின்வரிசை ஒடிசாப் பெண்களுக்கு ஒருத்தி அதை இந்தியில் சொன்னாள். அதனால் ஒவ்வொரு சிரிப்பும் இரண்டு தடவை வந்தது.

“அக்கா, செல்லுல நாங்க பாக்கற கொரியா சீரியல் புள்ள மாதிரியே இருக்கறா. அந்த டாக்டர் ஈரோவ இவளுக்குத் தெரியுமான்னு கேளுங்க,” என்றாள் வேலாத்தாள். லைனில் வாய் அதிகம் அவளுக்குத்தான்.

தெரியாது, ஆனால் தன் அம்மாவும் அந்த சீரியலைப் பார்த்து அழுவாள் என்றாள் சூஜின். அந்த ஒரு பதிலில் கேன்டீன் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது.

“இத்தன தூரம் செலவு பண்ணிட்டு எதுக்குங்க வந்தீங்க? சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லவா?” என்றாள் வேலாத்தாள் மறுபடியும்.

சூஜின் மூன்று வாக்கியம் சொன்னாள். உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். உங்களைக் கடவுள் நேசிக்கிறார். அதைச் சொல்லத்தான் இயேசு என்னை அனுப்பினார் என்று நினைக்கிறேன்.

“ஒடம்பு நல்லா இருக்கோணும்னு வந்தாங்களாம். மிச்சத்த நாளைக்கு சர்ச்சுல சொல்றாங்களாம்,” என்றாள் சித்ரகலா.

சூஜினுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கவனிக்கத் தெரியும். ‘கடவுள்’ என்ற இடத்தில் யாருடைய முகமும் மாறவில்லையே என்பது போல அவள் சித்ரகலாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கிளிப் பலகையில் செருகிய தாளையும் பேனாவையும் எடுத்தாள். பாடத்துக்கு முன் சில கேள்விகள்.

இங்கேதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. வெளிநாட்டு முகம், கையில் தாள், பக்கத்தில் சித்ரகலா, ஓரத்தில் இந்துமதி மேடம். ஆடிட் நாளைப் போலப் பெண்களின் முதுகுகள் நிமிர்ந்தன. ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று சூஜின் கேட்டாள்.

“தண்ணி எப்ப வேணாலும் குடிக்கலாமுங்க. பாத்ரூம் எப்ப வேணாலும் போலாமுங்க. மாஸ்க் குடுத்திருக்காங்க,” என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

மாஸ்க் பற்றி யாரும் கேட்கவில்லை. அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த பொன்னாத்தாள் ஐம்பதைத் தாண்டியவள். எழுந்து நின்று, “எனக்குப் பதினெட்டு முடிஞ்சுதுங்க,” என்றாள்.

சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா என்று கேட்டதற்கு வரிசையாக “இல்லீங்க” வந்தது. வேலாத்தாளும் “இல்லவே இல்லீங்க” என்றாள். வியாழக்கிழமைதான் அவள் அதே எரிச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள அரை நாள் லீவு கேட்டிருந்தாள். லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டது சித்ரகலா.

“நோ,” என்று அதையும் மொழிபெயர்த்தாள். சூஜின் குறித்துக்கொண்டாள். இவ்வளவு ஆரோக்கியமான தொழிற்சாலையைப் பார்த்ததில்லை, எங்கள் கல்லூரி அறிக்கையில் எழுதுவேன், எரிச்சல் பற்றிய பாடம் இங்கே தேவையே இல்லை என்றாள். அந்தப் பக்கத்தைத் திருப்பப் போனாள்.

எல்லாம் வழக்கம்போல முடிய இன்னும் ஒரு தாள் திருப்பினால் போதும். மேஜையும் அட்டையும் சம்பளமும் பத்திரமாக இருக்கும். வேலாத்தாள் ஒரு சோப்புடன் வீட்டுக்குப் போவாள், அடுத்த மாதம் மறுபடி ஊசிக்குப் போவாள். சித்ரகலா தாளின் மேல் கை வைத்தாள். யாரும் சொல்லாத ஒன்றை, மொழிபெயர்ப்பு அல்லாத ஒன்றை, அந்த இடத்தில் முதல் தடவையாகச் சொன்னாள்.

“வேலா, இது ஆடிட் இல்ல.”

வேலாத்தாள் மேடத்தைப் பார்ப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவள் சித்ரகலாவைப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, டோக்கன் உங்ககிட்டதான இருக்குது? நான் என்னன்னு சொல்லட்டும்?”

இந்தியில் சொல்பவள் நிறுத்திக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று கேட்டாள் சூஜின். சித்ரகலா சர்ச்சில் செய்வதுபோல, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். தானே சேர்த்துக்கொள்ள வேண்டியதையும் சேர்த்தாள். முப்பத்திரண்டு பேருக்கு ஓர் அட்டை. அது என் மேஜையில் தொங்குகிறது. கொடுப்பது நான். அதனால் இவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை.

இந்துமதி போனைக் கவிழ்த்து வைத்தார். அவருக்கு நல்ல ஆங்கிலம் தெரியும்.

சூஜின் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. எத்தனை மணி நேரம் அடக்குகிறீர்கள் என்று கேட்டாள். நாலு, சில நாள் ஐந்து என்று பதில் வந்தது. அவள் யோசித்துவிட்டுச் சொன்னதைச் சித்ரகலா தமிழாக்கினாள். “அவங்க டிரெய்னிங் போற ஆஸ்பத்திரி வார்டுலயும் இப்படித்தானாம். டூட்டி முடியற வரைக்கும் போக முடியாதுன்னு நர்சுக தண்ணியே குடிக்க மாட்டாங்களாம். இவங்களுக்கும் ரெண்டு தடவ எரிச்சல் வந்துச்சாம்.”

“நர்சுக்கேவா!” என்றாள் பொன்னாத்தாள். “அப்பறம் எங்களுக்கு என்னத்தக் கண்ணு சொல்லிக்குடுக்க வந்த?”

சிரிப்பு வந்தது, இரண்டு தடவையும். சூஜின் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். முப்பத்திரண்டில் பத்தொன்பது பேர் எரிச்சல் உண்டு என்றார்கள்.

மறுநாள் வேலாத்தாளும் இன்னும் இருவரும் சர்ச்சின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நேற்று பாக்கி வைத்ததைக் கேட்க வந்தோம் என்றார்கள். சூஜின் பேசினாள். சித்ரகலா கடவுளையும் இயேசுவையும் விடாமல் சொன்னாள். வெளியே வந்ததும் வேலாத்தாள் கேட்டாள்:

“அவ்வளவுதானுங்களா? இதப் போயி நேத்து மறைச்சீங்க, டோக்கன் விஷயத்தப் போயி போட்டு ஒடச்சீங்க. உங்கள ஒண்ணும் புரிஞ்சுக்க முடியலீங்க்கா.”

சித்ரகலாவுக்கும் புரியவில்லை. சுப்பண்ணனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதுதான் சரி, அட்டையைப் பற்றிச் சொன்னதும் சரி என்று இரண்டையும் ஒன்றாக நிற்கவைத்துப் பார்த்தாள். நின்றன. ஆனால் ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. கேன்டீனில் சொன்னதைத் துணிச்சல் என்று சபையில் யாரோ சொன்னபோது அவள் ஒப்புக்கொள்ளவில்லை. சூப்பர்வைசர் ஆன நாலு வருடமாக அட்டையைக் கொடுத்தவளே நான்தான் என்றாள். அது உண்மையும்கூட.

திங்கட்கிழமை இந்துமதி கூப்பிட்டார்.

“நீங்க சொன்னது பொய்யின்னு நான் சொல்லலீங்கக்கா. சொன்ன எடந்தான் தப்பு. நாளைக்கு அவங்க அறிக்கை எங்க போகும், துணி வாங்கற எந்த பையர் படிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க மேடம்.”

“கொஞ்ச நாள் செக்கிங்ல இருங்க.”

தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் மேஜையில் சம்பளம் குறைவு, நாற்காலி இல்லை. லைனுக்கு முத்தாத்தாள் சூப்பர்வைசராக வந்தாள். முதல் நாளே ஆணியில் இரண்டு மஞ்சள் அட்டைகள் தொங்கின. யார் சொல்லி இரண்டாவது வந்தது என்று யாரும் சொல்லவில்லை. முப்பத்திரண்டு பேருக்கு இரண்டு என்பதைப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அது ஒன்று அல்ல.

சூஜின் கொடுத்துவிட்டுப் போன ஒரு லிட்டர் பாட்டிலை சித்ரகலா மேஜைக்கு அடியில் வைத்திருந்தாள். புதன்கிழமை பதினொரு மணிக்குள் அதைக் காலி செய்தாள். பிறகு லைனைக் கடந்து தன் பழைய மேஜைக்குப் போனாள்.

“முத்து, டோக்கன் வேணும்.”

“ரெண்டும் போயிருக்குதுங்க்கா,” என்றாள் முத்தாத்தாள், சங்கடத்துடன். “செத்த நில்லுங்க.”

சித்ரகலா நின்றாள். ஆணிக்கு எதிரே சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. மாட்டச் சொன்னது அவள்தான், யார் எத்தனை நிமிடம் எடுக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக. இந்தப் பக்கம் நின்று அவள் அதைப் பார்த்ததில்லை. முள் நகர்கிறதா என்று சந்தேகம் வந்தது. கால் மாற்றி நின்று, மறுபடி பார்த்தாள்.