அய்யனாருக்கு ஒரு ஆஜர்

முத்தாண்டிக்குப்பம் வீரம்மாளின் புருஷன் அய்யனார் நல்ல உழைப்பாளி. ஆனால் நேரத்துக்கு ஓர் இடம் போய்ச் சேர்ந்தார் என்ற பேச்சே கிடையாது. கல்யாணத்தன்றே மாப்பிள்ளையைத் தேடி ஆள் அனுப்பினார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்த பிறகும் அதே கதைதான். காலையில் மேஸ்திரி பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அரை நாள் கூலி போச்சு. அதனால் அய்யனார் பேர் வந்ததும், கூட வேலை செய்யும் ராமலிங்கம் "வந்துட்டாருங்க" என்று குரல் கொடுத்துவிடுவார். மேஸ்திரி தலை நிமிர்வதற்குள் அய்யனார் மூச்சிரைக்க வந்து வரிசையில் நின்றுகொள்வார்.

அறுபத்திரண்டாம் வருஷ ஐப்பசி மழையில் மண் சரிந்து நான்கு பேர் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று பேர் பெர்மனன்ட். நாலாவது, கான்ட்ராக்ட் ஆள் அய்யனார்.

ஆண்டுதோறும் அந்த நாளில் தொழிலாளர்கள் அஞ்சலிக் கூட்டம் போடுவார்கள். வீரம்மாளும் போவாள். மேடையில் தியாகம் என்பார்கள், நாட்டுக்கே ஒளி என்பார்கள். மூன்று பேரைச் சொல்லிவிட்டு "மற்றும் ஒருவர்" என்று முடிப்பார்கள். அந்த "மற்றும் ஒருவர்" அவளுக்கு நெஞ்சில் முள். மூன்றாம் ஆண்டு ஆரோக்கியதாஸ் பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்றாள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பழுதுபார்க்கும் ஃபிட்டரான அவர், மண் சரிந்த அன்று தோண்டி ஆட்களை வெளியே எடுத்தவர்களில் ஒருவர்.

"தம்பி, அவரு பேரையும் ஒரு தபா சொல்லிடுங்க. அது போதும் எனக்கு."

சொல்கிறேன் அக்கா என்றார். போன வருஷம் பேசியவரும் அப்படித்தான் சொன்னார்.

மேடையேறிய ஆரோக்கியதாஸ் தியாகம் என்ற சொல்லைத் தொடவே இல்லை.

"மழையில எறங்கினது யாரு? சேத்துல நின்னது யாரு? நம்ம வூட்ல வெளக்கு எரியுது, இருட்டுல குந்திகினு இருக்கிறது யாரு?"

ஒப்பாரியில் ஒவ்வொரு வரியும் ஒரே சொல்லில் போய் விழுமே, அப்படி. வீரம்மாளுக்குப் பழகிய முறைதான். அடுத்த "யாரு" வருமுன்பே அவள் உதடு அசைந்தது. கூட்டத்தில் வேர்க்கடலை உரிக்கிற சத்தம் நின்றுபோனது.

பிறகு அவர் மேஸ்திரி மாதிரியே பேர் கூப்பிட்டார். "சவரிராஜ்." பேசாமல் நின்றார். பதில் வராது என்று எல்லோருக்கும் தெரியும்; அந்த வராத பதிலைக் கேட்கட்டும் என்றுதான் நின்றார். "பன்னீர்செல்வம்." மறுபடி மௌனம். "ராஜாங்கம்." வீரம்மாள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யனார்."

"வந்துட்டாருங்க."

பின்வரிசையில் ராமலிங்கம். பழகிய வாய், யோசிக்கவே இல்லை. சொன்ன பிறகுதான் மனுஷனுக்கு உறைத்தது, தலையைக் கவிழ்த்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. ஆரோக்கியதாஸ் முதலிலிருந்து மறுபடி கூப்பிட்டார். இந்த முறை ஒவ்வொரு பேருக்கும் மைதானமே "வந்துட்டாருங்க" என்றது. வீரம்மாள் வாய்விட்டு அழுதாள். அவ்வளவு நிறைவாக அவள் அழுதது அன்றுதான்.

வடலூர் பஸ்ஸிலும் சேத்தியாத்தோப்புச் சந்தையிலும் வெகுநாள் அந்தப் பேச்சே பேச்சாக இருந்தது.

கூட்டத்துக்கு மறுநாள் அவள் வறுத்த முந்திரியோடு போய் ஆரோக்கியதாசைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பதறிப்போனார்.

"அந்த எடத்துல நான் சும்மா நிக்கறதாத்தான் இருந்தேன்க்கா. பேச்சைத் தூக்கி நிறுத்தினது ராமலிங்கம்."

பாதி முந்திரியை அவருக்குக் கொடுத்துவிட்டு, மீதியோடு ராமலிங்கம் வீட்டுக்கு நடந்தாள். அவர் வெட்கத்தில் வெளியே தலைகாட்டாமல் கிடந்தார்.

"வாய் தவறிடுச்சு அண்ணி. மன்னிச்சுக்குங்க."

வீரம்மாள் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள்.

"எதுக்குங்க மன்னிப்பு? நேத்தும் அவருக்குக் கூலி போவாம பாத்துகினீங்களே."