துப்பாக்கியைப் புளி போட்டுத் துலக்கியவள்

எங்கள் வீட்டு பீரோவில், நகைப்பெட்டி இருக்க வேண்டிய தட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. காற்றால் சுடும் போட்டித் துப்பாக்கி. பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுடையது. பத்து மீட்டர் தள்ளி மாட்டிய அட்டையில் கடுகளவு ஈயக் குண்டால் அடிப்பாள். கோவில்பட்டியில் பெண்பிள்ளை ஹாக்கி மட்டையோடு போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இவள் கறுப்புப் பெட்டியோடு போகும்போது மட்டும், “என்ன டீச்சர், வீட்டுல எலக்ட்ரிக் வேல நடக்கா? பாப்பா டிரில்லர் பெட்டியத் தூக்கிட்டுப் போகுது” என்று கேட்பார்கள். ஆமா என்று சொல்லிவிடுவேன். துப்பாக்கி என்று சொன்னால் பத்துக் கேள்வி வரும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். நான் செய்ததைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஆயுத பூஜை அன்று என் கணவரின் பைக், என் ஸ்கூட்டி, மிக்ஸி, அரிவாள்மணை, பிள்ளையின் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். இந்த வருடம் துப்பாக்கியும் வரிசையில் இருந்தது. “பிடியில மட்டும் வைங்கம்மா. வேற எங்கயும் கை வச்சிராதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் குளிக்கப் போனாள். பிடியில் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். குழலின் நுனியில் ஒரு சின்னக் கட்டை நிமிர்ந்து நிற்கும். குறி பார்க்க உதவும் முன் சைட் அது. எனக்கு அது நெற்றி மாதிரித் தெரிந்தது. அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். பின்னால், நடுவில் சதுரமாக வெட்டிய ஒரு தகடு, பின் சைட். அதை மட்டும் ஏன் விடுவானேன் என்று அதற்கும் வைத்தேன். குளித்துவிட்டு வந்தவள் பார்த்தாள். “எம்மா...” என்றாள். கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவள் சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தாள். எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்குகளைத் துலக்க உட்கார்ந்தேன். கையில் புளி. பக்கத்தில் காய்ந்துபோன சந்தனத்தோடு துப்பாக்கி. வெட்டுக்குள் சிவப்பு அப்பிக்கொண்டிருந்தது. பிள்ளை வந்து சிரமப்படுவாளே என்று இரண்டு சைட்டையும் புளியால் தேய்த்து, பழைய பிரஷ்ஷால் கழுவித் துடைத்தேன். கறுப்பாக இருந்தது வெள்ளி மாதிரிப் பளபளவென்று வந்தது. இத்தனை நாள் அழுக்கோடு வைத்திருந்தாளே என்றுகூட நினைத்தேன். இரும்பின் மேல் இருக்கும் கறுப்புப் பூச்சை அமிலம் தின்னும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கையில் புளி இருக்கும்போது அந்தப் படிப்பெல்லாம் எங்கே போனதோ.

சாயங்காலம் அவள் பெட்டியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “துலக்கிட்டேன்” என்றேன். “ம், பாத்தேன்ம்மா. நல்லா இருக்கு” என்றாள். பெட்டியை மூடினாள்.

இரண்டு வாரம் கழித்து மதுரையில் ஒரு போட்டி. நான்தான் கூடப் போனேன். வழக்கமாக எடுப்பதைவிடப் பதினெட்டுப் புள்ளி குறைவாக எடுத்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “கை நடுங்குதும்மா. வேற ஒண்ணுமில்ல” என்றாள்.

அவ்வளவுதான். பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கை ஏன் நடுங்க வேண்டும்? திங்கட்கிழமை லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். நரம்பு சரியாகக் கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினார்கள். தைராய்டு, சர்க்கரை, இரும்புச் சத்து எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரி என்று வந்தது. திருப்தியாகவில்லை. திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் டோக்கன் போட்டேன். தினம் காலையில் உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தேன். அவளுக்கு உளுந்தங்களி ஆகாது. ஒரு வார்த்தை பேசாமல் தின்றாள்.

திருநெல்வேலிக்குப் போவதற்கு முதல் நாள் அவளுடைய கோச் போன் செய்தார். முப்பது வயது இருக்கும். தீப்பெட்டி அட்டை அடுக்கியிருந்த பழைய கிட்டங்கி ஒன்றின் மாடியில் பயிற்சிக்கூடம் நடத்துகிறார்.

“டீச்சர், பாப்பாவ ஏன் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்துட்டு அலையுதீங்க? அதுக்கு ஒண்ணுமில்ல. சைட்டுல கறுப்பு போச்சுல்லா, லைட்டு பட்டு மினுங்குது. கட்டையோட விளிம்பு எங்கன இருக்குன்னே தெரியாம சுட்டுருக்கு.”

“அவ எங்கிட்ட சொல்லலயே.”

“சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டயும் சத்தியம் வாங்கிருக்கு. நரம்பு டாக்டருன்னதும் எனக்குப் பொறுக்கல.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். “ஆமா, அதுல என்னத்தப் போட்டுத் தேச்சீங்க?”

“புளி.”

“நீங்க கெமிஸ்ட்ரி தானே டீச்சர்?” என்றார்.

விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் என் கணவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தபோது கேட்டேன். உங்களுக்குத் தெரியுமா?

“தெரியும்.”

“பிள்ள கையில ஊசி குத்தும்போதும் தெரியுமா?”

“தெரியும்ட்டி. நான் என்ன செய்ய? உங்கிட்ட சொல்லிட்டு, பெறவு உன்னையத் தூக்கிட்டு யாரு அலையது?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. போன வருடம் கழுகுமலை ரோட்டில் அவள் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்து நான் மயங்கி விழுந்தேன். அன்று ஆஸ்பத்திரியில் சேர்த்தது என்னைத்தான். அடிபட்டவள் கட்டோடு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு என் வீட்டில் ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள் போல. எனக்குத்தான் தெரியவில்லை. அன்று சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வாய்க்குள் போகவில்லை. இன்னும் அது நெஞ்சில் அப்படியே நிற்கிறது. என்னைக் காப்பாற்றுவதற்காக என் பிள்ளை இரண்டு கையையும் நீட்டியிருக்கிறாள்.

திருநெல்வேலி டோக்கனை விட்டுவிட்டேன். சனிக்கிழமை நானும் அவளோடு பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். கோச் சொல்லிவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், எப்போது விழுவேனோ என்பதுபோல. சைட் இரண்டையும் கோச் கழற்றிக் காட்டினார். பளபளப்பு மட்டும் இல்லை. விளிம்பில் துரு பிடித்து, கூராக இருக்க வேண்டிய மூலை மழுங்கிப் போயிருந்தது.

“இப்போதைக்குப் புகை பிடிச்சு வைப்போம்” என்று தீக்குச்சியை உரசினார். அந்தக் காலத்தில் அப்படித்தான் கறுப்பாக்குவார்களாம்.

“குச்சி வேண்டாம் சார். கற்பூரத்துல பிடிங்க. அதுல கரி ஜாஸ்தி.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். அலமாரியில் சாமி படத்துக்குக் கீழே கற்பூரம் இருந்தது. இடுக்கியால் பிடித்துக் காட்டினோம். சைட் மையைப் போல் கறுத்தது. விரல் பட்டால் போய்விடும், பயிற்சிக்கு ஆகும், போட்டிக்கு ஆகாது என்றார். மாநிலப் போட்டிக்குத் தகுதி பார்க்கும் போட்டி இன்னொன்று ஒரு மாதத்தில் வந்தது. இந்த வருடத்துக்கு அதுதான் கடைசி. துப்பாக்கியோ பழையது, கைமாறி வந்தது. அந்த மாடலை அந்தக் கம்பெனியே இப்போது செய்வதில்லை. வேறு ஆட்கள் செய்து விற்கும் சைட்டைத்தான் வாங்கிப் பொருத்த வேண்டும்.

அந்த வாரம் ஸ்டாஃப் ரூமில் ஓய்வு பீரியட் முழுவதும் அதையே தேடினேன். பச்சை வெளிச்சப் புள்ளி வைத்த ஒரு சைட் கண்ணில் பட்டது. இருட்டிலும் தெரியுமாம். இதைவிட என்ன வேண்டும் என்று கோச்சுக்கு அனுப்பினேன். “டீச்சர், அத மாட்டுனா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. வெளிச்சம், லென்ஸ் ஒண்ணும் கூடாது. வெறும் கறுப்பு இரும்புதான்” என்று பதில் வந்தது. அதற்குள் எனக்கு அந்தப் பச்சைப் புள்ளி மேல் ஆசை வந்துவிட்டிருந்தது.

கடைசியில் கோச் தனக்குத் தெரிந்த வியாபாரியிடம் சொல்லி, ஒரு பின் சைட்டும், மூன்று அகலத்தில் முன் கட்டைகளும் வரவழைத்தார். நாலு மில்லிமீட்டர், நாலரை, ஐந்து. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம். ஒரு ஞாயிறு காலை மாட்டிப் பார்க்கப் போனோம்.

இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான் என்று கோச் எனக்குச் சொன்னார். பின் தகட்டின் வெட்டுக்குள் முன் கட்டை நிற்க வேண்டும். மேல்மட்டம் சமமாக இருக்க வேண்டும். கட்டைக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். அந்தக் கோடு எவ்வளவு இருந்தால் நல்லது என்பதை அவரவர் கண்தான் சொல்லும். வேறு யாராலும் சொல்ல முடியாது.

ஐந்து மில்லியை முதலில் மாட்டினார். பெரிதாக, தெளிவாக இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

“தெரியுதாம்மா?” என்றேன்.

“தெரியுதும்மா.”

“நல்லாத் தெரியுதா?”

“நல்லாத் தெரியுது.”

நாலரையை மாட்டினார். தெரியுதா? தெரியுதும்மா. நாலு. தெரியுதா? தெரியுதும்மா. கண்ணு வலிக்கலயே? இல்லம்மா. மூன்றும் நன்றாக இருக்கிறது என்றாள். மூன்றிலும் அட்டையில் குண்டு ஒரு பக்கமாகச் சிதறிக் கிடந்தது. கோச் அட்டைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“டீச்சர், கீழ கடையில டீ நல்லா இருக்கும். போயி ஒண்ணு குடிச்சிட்டு வாங்களேன்.”

“எனக்கு வேண்டாம் சார்.”

“குடிங்க டீச்சர்.”

இறங்கினேன். டீக்கடை வரைக்கும் போகவில்லை. படிக்கட்டு திரும்பும் இடத்தில் சுவரில் கை வைத்து நின்றேன். டப் என்று ஒரு குண்டு. பிறகு என் மகளின் குரல்.

“அஞ்சு வேண்டவே வேண்டாம் சார். தடியா வந்து முன்னால நிக்கி, பக்கத்துல வெளிச்சமே இல்ல. பத்து ஷாட்டுல கண்ணு எரிஞ்சிரும்.”

“நாலரை?”

“அது அளவு பரவால்ல. ஆனா மேல ஏதோ வழுவழுன்னு இருக்கு. லைட்டு பட்டா மினுங்குது. எங்கம்மா துலக்குனது கணக்கா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

“அப்ப நாலு மாட்டவா?”

“நாலு நல்லா இருக்கு சார். ஆனா அலையுது. பின்னால உள்ள வெட்டக் கொஞ்சம் நெருக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். இல்ல, கூடிட்டு, விடுங்க. ஆங். நில்லுங்க.”

டப். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டப். அவள் இவ்வளவு பேசுவாள் என்றே எனக்குத் தெரியாது. வேண்டாம், கூடிட்டு, பிடிக்கல, விடுங்க. இந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அவள் வீட்டில் சொல்லி நான் கேட்டதில்லை. நல்ல பிள்ளை, எதற்கும் அடம்பிடிக்காத பிள்ளை என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இருபது குண்டு சுடும்வரை படிக்கட்டிலேயே நின்றேன். மேலே போனபோது அட்டை நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டையாகியிருந்தது. “எதும்மா?” என்று கேட்டேன். “நாலு” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அஞ்சும் நல்லாத்தான் இருந்துச்சு” என்று சேர்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அடுப்பில் தோசை. அவள் மேடையில் சாய்ந்து நின்று சட்னியைத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, ரத்தம் எடுக்கும்போதாவது சொல்லிருக்கலாம்லா?”

“சொன்னா நீங்க அழுவீங்க. ஊசி பரவால்லம்மா.”

தோசையைத் திருப்பினேன். அவள் போகவில்லை.

“இப்ப ஒண்ணு சொல்லட்டா? பதறக்கூடாது.”

“சொல்லு.”

“மேட்சுக்கு நீங்க வர வேண்டாம். அப்பாகூடப் போயிக்கிடுதேன்.”

ஏன் என்று கேட்பதற்குள் அவளே சொன்னாள். “பின்னால உக்காந்து மூச்ச இழுக்கீங்கல்லா, அது எனக்குக் கேக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும்.”

“நான் என்ன, அவ்வளவு சத்தமாவா இழுக்கேன்?”

“ஆமா.”

அதற்கு முன்னால் அவள் எனக்கு ‘ஆமா’ சொன்னதெல்லாம் வேறு மாதிரி. இது கோச்சிடம் பேசிய குரல். கண்ணை என் மேல் வைத்துக்கொண்டு, நான் எங்கே விழப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு, ஆனாலும் சொல்லிவிட்டாள். தோசைக்கரண்டி கல்லில் தட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

“சரி” என்றேன். “போயிட்டு வா.”

“கோவமா?”

“வருத்தம். கோவம் இல்ல.”

“சரி” என்றாள் அவளும். அந்தத் தோசையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்சம் கருகியிருந்தது. “இது கருகிட்டு, வேற தாங்க” என்று ஹாலிலிருந்து சத்தம் கொடுத்தாள்.

இன்றைக்குத்தான் போட்டி. விடிவதற்குள் அப்பாவும் மகளும் மதுரை பஸ் பிடித்துவிட்டார்கள். பத்தரைக்கு அவளுடைய சுற்று. நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், போன் பக்கத்து அறையில் கிடக்கிறது. முடிந்ததும் அவளே பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். குறைவாக எடுத்தாலும் உள்ளபடிக்கே சொல்லுவேன், கை நடுங்குது என்று கதை விடமாட்டேன் என்றாள். நானும் உள்ளபடிக்கே கேட்டுக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறேன். மணி பதினொன்று ஆகப் போகிறது. இன்னும் பாதிக் குண்டு பாக்கி இருக்கும்.