செல்வியின் சட்டையில் செய்த கடல்

புளித்த கோதுமை மாப் பசையின் மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு வெட்கத்தில் காது சுடும். சுனாமி அடித்து இரண்டு மாதம் கழித்து, வாகரைப் பக்கத்தில் நாங்கள் கூடாரங்களில் இருந்த நாட்களில், மட்டக்களப்பிலிருந்து வந்த, சித்திரம் படிப்பிக்கும் ஒரு "சேர்" பிள்ளைகளை மரத்தடியில் கூட்டி, கலர் போதாது, மணல், சிப்பி, அறுந்த வலை, துணி என்று அகப்பட்டதையெல்லாம் ஒட்டிப் படம் செய்யுங்கள் என்றார். நல்ல படத்துக்கு ஒரு கலர்ப்பெட்டி பரிசு என்றதும் எனக்கு வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை.

கோதுமை மாப் பசையில் மணலை ஒட்டிக் கரையாக்கினேன், வலைத்துண்டைத் தோணியருகே விரித்தேன். கடலுக்குத்தான் நீலம் கிடைக்கவில்லை. தேடிப்போன இடத்தில், கரையோரக் கண்டல் மரத்தின் வேரில் சிக்கிக் கிடந்தது ஒரு நீலச் சட்டை. பக்கத்து வீட்டு மாமியின் ஒரே மகள், எனக்கு மச்சாள் முறையான செல்வியின் சட்டை அது. அலை கொண்டுபோய், உடல் கூடக் கிடைக்காதவள். அவள் வளர வளர மாமி கீழ் மடிப்பை அவிழ்த்துச் சிவப்பு நூலால் தைத்த சட்டை, எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் வெட்டினேன், அந்தச் சிவப்புத் தையலோடு சேர்த்து. ஒன்பது வயதுதானே என்று இப்போது சாட்டுச் சொல்லப்போவதில்லை. பிழையென்று அப்போதே தெரியும்.

படங்களைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டிய அன்று மாமியும் வந்தார். என் கடலின் முன்னால் நின்று தையலை விரலால் தடவினார். "இந்தத் துணி உனக்கு எங்கால புள்ள?" படத்தைக் கழற்றிவிடுவார்கள், பரிசு போய்விடும் என்ற பயத்தில், "நிவாரண உடுப்பு மூட்டைக்குள்ள கிடந்திச்சி மாமி" என்றேன். மாமி என் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அப்ப ஆரோ என்ட புள்ளைய எடுத்து வச்சிருக்காங்க கா! வேற உடுப்புப் போட்டுட்டு இத மூட்டையில போட்டிருக்காங்க!"

பரிசு எனக்கே கிடைத்தது. மாமி மூட்டை வந்த வழியைத் தேடி ஏறாவூர், பெரியகல்லாறு என்று முகாம் முகாமாக அலையத் தொடங்கினார். "செத்தவளுக்கு முப்பத்தொண்டாம் நாள் சடங்கச் செய்யுங்க, இல்லாட்டிப் புள்ளைட ஆத்துமா அலையும்" என்று பெரியவர்கள் சொன்னால், "உயிரோட இருக்கிறவளுக்கு என்னத்துக்குச் சடங்கு?" என்று சண்டைக்குப் போவார். பிறகு போர் மூண்டு, செல்லடியில் எல்லோரும் வாகரையை விட்டு ஓடினோம். பள்ளிக்கூடச் சுவரோடு என் படமும் போனது. போர் முடிந்து வன்னியிலிருந்து வெளியே வந்த சனத்தை முகாம்களில் வைத்திருந்தபோது, "இப்ப குமராகியிருப்பாள்" என்று மாமி அந்த முகாம்களுக்கும் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாராம். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. சீ, என்ன பிறவி நான்!

போன வருடம்தான் மாமியிடம் சொன்னேன். எனக்கும் ஒரு மகள் பிறந்து, அவள் என் கண்ணில் படாமல் போன ஒரு அரை மணித்தியாலம் நான் பட்ட பாட்டுக்குப் பிறகு, அதை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மாமி ஏசவில்லை. "அண்டைக்கே சொல்லியிருந்தா, அழுது முடிச்சிருப்பன் புள்ள" என்றார், எழும்பி உள்ளே போனார்.

அந்தக் கூடாரங்களும் இப்போது இல்லை, கரையோரக் கண்டலையும் வெட்டிவிட்டார்கள். நான் சொன்ன அடுத்த மாதமே செல்விக்கு முப்பத்தொன்று செய்தார்களாம். ஊர் முழுக்கச் சொன்னவர்கள் எங்கள் வீட்டுக்குச் சொல்லவில்லை.